கதவில் ஒட்டாத பக்கம்

அத்தியாயம் 11

"பக்கத்து வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கலாமே, அந்தப் பெண்ணுக்கு வாயில்லையா?" என்று போன வாரம் நாலைந்து பேர் கோபமாக எழுதிக் கேட்டிருந்தீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தச் சந்தில் இருப்பது இரண்டே வீடுகள் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லியிருந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. மற்றபடி சந்து முழுக்க அட்டைப்பெட்டிக் கிடங்கின் சுவர். சுவரைத் தட்டினால் யார் வந்து திறப்பார்கள், சொல்லுங்கள்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பதினாறு வயதுக்குக் கீழே உள்ள யாரும் இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை தெருவில் கால் வைக்கக் கூடாது என்று அந்தச் சின்ன ஊரில் ஒரு விதி. அதை ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தவள் நம் டைப்பிஸ்ட். அவள் தங்கையின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்த ஓர் இரவில், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவனுக்கு நெஞ்சுவலி வந்தது. பதினான்கு வயது மகள் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் வந்தது, சந்துதான் அகப்படவில்லை. "மெயின் ரோட்டுக்கு வந்து கை காட்டும்மா" என்றார் டிரைவர். "வர முடியாது, ஒன்பது மணி ஆயிடுச்சு" என்றாள் மகள். "ஒன்பது மணி ஆனா என்னம்மா?" என்றார் வெளியூர்க்காரரான அவர்.

அவள் கேட்டுக்கு உள்ளேயே நின்று டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தாள். வண்டி சந்து முனையை இரண்டு தடவை தாண்டிப் போனது. மூன்றாம் தடவை உள்ளே வந்தபோது வேன்காரர் போய்விட்டிருந்தார்.

இன்றைக்கு முப்பத்தொன்பதாம் நாள். விதியை எடுக்கச் சொல்லி வேன்காரரின் அண்ணன் கொடுத்த மனு, மாலை ஐந்து மணிக்கு ஊர்க் கூட்டத்தில் விசாரணைக்கு வருகிறது. அதில் பேசப் போகிறவள் மகள்.

காலையில் அவள் ரொட்டியை மூன்றாகப் பிய்த்துத் தட்டில் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுட்டு எழுதேன் கண்டக்டர்" என்றாள் அம்மா.

கண்டக்டர் என்பது அவள் அப்பா வைத்த பெயர். நாலு வயதில் வேன் படியருகே நின்றுகொண்டு "எறங்குறவங்க எறங்கலாம்" என்று கத்துவாளாம். ஆசிரியர்கள்கூட மறந்துபோய் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அம்மா, 'அனுமதிக்கவில்லை'ன்னு எழுதறதா, 'தடுத்துவிட்டது'ன்னு எழுதறதா?"

"எது?"

"விதி. விதி என்னைத் தடுத்துவிட்டது. இதுதான் நல்லா இருக்கு, இல்ல?"

அம்மா பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

இந்த முப்பத்தொன்பது நாளும் அந்தப் பெண்ணைத் தாங்கி நிறுத்தியது அந்த ஒரு வாக்கியம்தான் என்று அவளுக்குத் தெரியும். முதல் வாரம் பேச்சே இல்லை. பெரியப்பா வந்து, "இது உன் தப்பில்லடா, அந்தப் பாழாப்போன விதியோட தப்பு" என்று சொன்ன பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டாள், தலை வாரிக்கொண்டாள், பள்ளிக்கூடம் போனாள். அதை உருவிவிட்டால் பெண் சரிந்து விழுந்துவிடுவாள் என்று தாய்க்குப் பயம்.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

"மூணு மணிக்கு ஸ்கூல் விட்டதும் நேரா பெரியப்பா கடைக்குப் போறேன். அவர் முன்னாடி ஒரு தடவை பேசிக் காட்டணுமாம். நீ ஆபீஸ்லேருந்து நேரா ஹாலுக்கு வந்துடு."

"சரி."

"கூட்டத்துல நீ எந்தப் பக்கம்மா உட்காருவே? ஆபீஸ்காரங்க பக்கமா, எங்க பக்கமா?"

கேலியாகத்தான் கேட்டாள். அம்மாவும் சிரித்து வைத்தாள்.

அலுவலகத்தில் அவள் நாற்காலியில் பையை மாட்டுவதற்குள் செயலாளர் கூப்பிட்டுவிட்டார்.

செயலாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கும் எழுதுவது சுலபம். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மேஜை முழுக்கப் பேனா தேடுகிற மனிதர். வேன்காரர் போன அன்று முதலில் ஓடி வந்து, இரண்டு நாள் வாசலிலேயே கிடந்தவரும் அவர்தான். இன்று அவளை உட்காரச் சொல்லிவிட்டு ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

"மனுவுக்கு ஆபீஸ் பதில் கொடுக்கணும்மா."

"ஆமா சார்."

"பதில்ல இதைச் சேர்த்தாகணும்."

அவர் தள்ளிய காகிதத்தைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அடித்ததுதானே. விதியின் இரண்டாம் பக்கம்.

அது இப்படி நடந்தது. விதியை ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டுவதென்று முடிவானபோது, "ஒரே பக்கத்துல முடிச்சுடுங்கம்மா, ரெண்டு காகிதம் ஒட்டினா ஒண்ணு காத்துல பறந்துடும்" என்றார் செயலாளர். அவள் எழுத்தைச் சின்னதாக்கினாள். ஓரங்களைக் குறுக்கினாள். அப்படியும் ஏழு வரி மிஞ்சியது. அந்த ஏழு வரிதான் விலக்குகள். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், தீப்பிடித்தால், உதவி கேட்டு ஓடினால் இந்த விதி பொருந்தாது என்று சொன்ன வரிகள். அவற்றைத் தூக்கி இரண்டாம் பக்கத்தில் வைத்து ஃபைலில் கோத்தாள். முதல் பக்கம் கதவுகளுக்குப் போனது. இரண்டு நிமிட வேலை, அதற்காக அன்றைக்குச் செயலாளர் பாராட்டக்கூடச் செய்தார்.

"சார், அதை வாசிச்சா..."

"தெரியும்மா. வாசிக்கலைன்னா ஆபீஸே ஒரு உயிரைக் கொன்ன மாதிரி ஆயிடும். விலக்கு இருந்தது. பொண்ணு போயிருக்கலாம். உண்மை அதுதானே?"

"அது உங்களுக்கும் எனக்கும்தானே சார் தெரியும். கதவுல அது இல்லையே."

"ஃபைல்ல இருக்கு. யார் வந்து கேட்டாலும் காட்டியிருப்போம்."

"பதினாலு வயசுப் பொண்ணு ராத்திரி ஒன்பதரைக்கு எந்த ஃபைலைப் பார்க்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொண்ணை மட்டும் இன்னைக்குக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வராதீங்க" என்றார் கடைசியில். "அப்புறம் இதை... வேற யார்கிட்டயாவது அடிக்கக் கொடுத்திருப்பேன். ஆபீஸ்ல வேற டைப்பிஸ்ட் இல்லையேம்மா."

அவள் அடித்தாள். "மேற்படி சிறுமி தெருமுனைவரை சென்று வாகனத்துக்கு வழி காட்டியிருக்கலாம். விதி அதைத் தடுக்கவில்லை." ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. எத்தனையோ நாள் குடிநீர் அறிவிப்பில்கூடத் தப்பு விட்டிருக்கிறாள், இன்றைக்கு விரல்கள் ஒழுங்காக ஓடின. அதை நினைத்துத்தான் அவளுக்கு முதலில் அழுகை வந்தது.

சரி, ஃபைலை விடுங்கள். வீட்டில் சொல்லியிருக்கலாம் அல்லவா? இங்கேதான் அவளை யாராலும் காப்பாற்ற முடியாது, நான் உட்பட. அவள் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. விலக்கு என்று ஒன்று இருப்பது தெரிந்தால் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டு தினமும் ஒரு காரணம் சொல்வார்கள் என்று நினைத்தாள். கணவனிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் காலையில் வேனில் ஏறுகிற பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் சொன்ன மாதிரி. அந்த மனிதருக்கு வயிற்றில் எதுவும் தங்காது.

அந்தச் சமயத்தில் அவள் வேலை தற்காலிகம். ஏற்கெனவே ஒரு தடவை, தோழி வீட்டிலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு மகள்மேல் ஓர் எச்சரிக்கை பதிவாகியிருந்தது. "விதி போடற ஆபீஸ்லயே வேலை பார்க்கறவங்க வீட்டுப் பொண்ணு இப்படிச் செய்யலாமா? இன்னொண்ணு வந்தா உங்க வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எப்படி எழுதறது?" என்று செயலாளர் கேட்டுவிட்டார். அன்றிரவு அவள் வீட்டுக்கு வந்து மகளை நிற்கவைத்துத் திட்டினாள். என்ன ஆனாலும் சரி, ஒன்பதுக்கு மேல் கேட்டைத் தாண்டினால் என் வேலை போச்சு என்று சொன்னாள். வேன்காரர் சாப்பிட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. உத்தரவு அவர் போன இருபதாம் நாள் வந்தது.

நாலு மணிக்கு அவள் அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வேன்காரரின் அண்ணனுக்குக் கடைவீதி முனையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துச் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றித் தருவார். வாசல் முழுக்கப் பழைய கம்பி, உள்ளே வார்னிஷ் நெடி. கடைக்குப் பின்புற முற்றத்தில்தான் தம்பியின் வேன் நிற்கிறது. விற்க அவருக்கு மனசு வரவில்லை.

அவள் போனபோது மகள் கடை நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் கம்பியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் சத்தமா சொல்லு. கடைசி பெஞ்சுக்காரனுக்கும் காதுல விழணும். 'விதி என்னைத் தடுத்துவிட்டது.' அங்கே ஒரு நொடி நிறுத்து."

"நிறுத்தினா மறந்துபோச்சுன்னு நினைச்சுப்பாங்க பெரியப்பா."

"நினைச்சா நினைக்கட்டும். அவனுங்க செஞ்சதை விடவா?"

அம்மாவைப் பார்த்ததும் இருவரும் நிறுத்தினார்கள்.

"அவ இன்னைக்குப் பேச வேண்டாம்" என்றாள் அம்மா.

பெரியப்பா கம்பியைக் கீழே வைத்தார். "என்னம்மா, ஆபீஸ்ல மிரட்டினாங்களா?"

"இல்லை."

"பின்னே? வேலை நிரந்தரமானதும் அவங்க ஆளா ஆயிட்டியா?"

"பெரியப்பா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. நான் கேக்கறேன். என் தம்பி கேட்பாரில்லாம செத்ததுக்கு இந்த ஊர் ஒரு பதில் சொல்ல வேண்டாமா? அந்தக் காகிதம் இன்னும் என் கடைக் கதவுல ஒட்டியிருக்கு. தினம் அதைத் தாண்டித்தான் உள்ளே வர்றேன். கிழிச்சா அபராதமாம்." அவர் குரல் உடைந்தது. ஆத்திரப்படும்போது அழுகையும் சேர்ந்து வந்துவிடுகிற சுபாவம் அவருக்கு, அண்ணன் தம்பி இரண்டு பேருக்குமே அப்படித்தான்.

"நீங்க கேக்கறது நியாயம்தான். ஒரு பத்து நிமிஷம் நான் அவகிட்ட தனியா பேசணும்" என்றாள் அம்மா.

"நாலே முக்காலுக்குக் கிளம்பணும்" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

தனியாகப் பேச அந்தக் கடையில் வேறு இடமில்லை. இருவரும் வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கைகள், அம்மாவின் முழங்கால் முன் சீட்டில் இடித்தது. ஜன்னல் ஓரத்தில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. உள்ளே வெக்கை. கண்ணாடியைத் திறக்க இருவருக்குமே தோன்றவில்லை.

அம்மா சுற்றி வளைக்கவில்லை. பேருந்தில் வரும்போது எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள், ஒன்றும் உதவவில்லை.

"அந்த விதிக்கு ரெண்டாம் பக்கம் ஒண்ணு இருக்கு. வீட்ல யாருக்காவது முடியலைன்னா வெளிய போகலாம்னு அதுல போட்டிருக்கு. அதை இன்னைக்குக் கூட்டத்துல வாசிக்கப் போறாங்க."

மகள் அவளையே பார்த்தாள்.

"கதவுல ஒட்டறதுக்கு ஒரு பக்கம்தான் வேணும்னாங்க. நான்தான் அந்த வரியை எல்லாம் எடுத்து அடுத்த பக்கத்துல வச்சேன். உங்ககிட்ட சொல்லலை. சொல்லக்கூடாதுன்னே சொல்லலை."

"அப்போ நான் போயிருக்கலாமா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் முப்பத்தொன்பது நாள் தூங்கவில்லை. பொய் சொல்ல இன்னும் ஒரு நொடி இருந்தது.

"போயிருக்கலாம்" என்றாள்.

மகள் கையிலிருந்த நோட்டை மூடினாள். பிறகு திறந்தாள். மறுபடி மூடினாள். அழுவாள், கத்துவாள், வேனை விட்டு இறங்கி ஓடுவாள் என்று அம்மா காத்திருந்தாள். மகளோ பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்பாவுக்கு அது தெரியுமா?"

"தெரியாது. அவர்கிட்டயும் சொல்லலை."

"அதான்" என்றாள் மகள்.

"என்னது?"

"அதான் போகாதேன்னார்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"நான் போனேன்மா. கேட்டைத் திறந்து கிடங்குச் சுவர் பாதி வரைக்கும் போயிட்டேன். ஆம்புலன்ஸ் லைட்கூடத் தெரிஞ்சுது. அப்பா தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்துட்டார். எழுந்து வந்திருக்கக் கூடாது. வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு, 'வந்துடு, அம்மா வேலை போயிடும்'னார். நான் இல்லப்பா, இதோ வந்துடறேன்னு சொன்னேன். ரெண்டாவது தடவையும் கூப்பிட்டார். 'வண்டி தானா வரும், நீ உள்ளே வா'ன்னார்." அவள் மூச்சு வாங்கினாள். "குரல் ரொம்ப மெல்லிசா வந்துது. அதனாலதான் திரும்பி வந்தேன். கேட்டுக்குள்ள நின்னு டார்ச் அடிச்சேன். அவர் வாசப்படியிலயே உட்கார்ந்துட்டார்."

அம்மா முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை.

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? உனக்காகத்தான் போகாதேன்னார்னு எப்படிம்மா சொல்றது?"

 அம்மா அவளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். நடுவில் சீட்டு இடித்தது, இருவருமே விடவில்லை. பெண்ணை அந்த வாக்கியம் தாங்கி நிறுத்துகிறது என்று இந்தத் தாய் நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்தப் பெண்தான் தாயைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். 'விதி என்னைத் தடுத்துவிட்டது' என்று பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் பெரியப்பாவுக்காகவோ ஊருக்காகவோ இல்லை. அப்பா சொன்னது அம்மா காதில் விழக் கூடாது என்பதற்காக.

"அவங்க அந்தப் பக்கத்தைப் படிக்கட்டும்" என்றாள் மகள், முகத்தை எடுக்காமலே. "நான் பயந்துட்டேன்னு சொல்லிடறேன். விலக்கு இருக்குன்னு தெரியாது, பயந்துட்டேன், அவ்வளவுதான். சின்னப் பொண்ணுன்னு விட்டுடுவாங்க. உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"காலம் பூரா ஊர் உன்னைச் சொல்லும்டி. அப்பன் சாகும்போது கேட்டைத் தாண்டாத பொண்ணுன்னு."

"சொல்லட்டும்."

"சொல்லக் கூடாது."

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பெரியப்பா சட்டை மாற்றிக்கொண்டு, தலையைப் படிய வாரி, மனுவின் நகலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மணி ஆச்சு. பேசி முடிச்சீங்களா?"

அம்மா வேன் கதவைத் தள்ளித் திறந்தாள். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டத்துல நான் பேசறேன்" என்றாள்.

"நீயா? ஆபீஸை எதிர்த்தா?" அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பாவம், அவர் தப்பாக நினைத்துக்கொண்டார். "நீ பேசினா அந்த ஹாலே அடங்கிடும்மா. என்னன்னு பேசப் போறே?"

"அம்மா, வேண்டாம்" என்றாள் மகள் உள்ளிருந்து.

அங்கே, ஊர் முன்னால் சொல்வதைவிட இந்த முற்றத்தில் இந்த ஒருவரிடம் சொல்வதுதான் கஷ்டம் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. மனுவில் 'கேட்பாரின்றி இறந்த என் தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மனிதர். அதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கக் கடை திறக்காதவர். சொல்லிவிட்டால் நாளைக்கு அவர் அவள் வீட்டு வாசல்படி மிதிப்பாரா என்று தெரியாது. அவரை விட்டால் இந்தப் பெண்ணுக்கு அப்பா பக்கத்து மனிதர் என்று வேறு யாரும் இல்லை.

"அவ அன்னைக்கு ராத்திரி வெளிய போனா" என்றாள் அம்மா. "பாதித் தெரு வரைக்கும் போயிட்டா. உங்க தம்பிதான் திருப்பிக் கூப்பிட்டார். என் வேலை போயிடும்னு."

பெரியப்பா புரியாமல் மகளைப் பார்த்தார். அவள் மறுத்துப் பேசுவாள் என்று காத்திருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாசல் வரைக்கும் நடந்து வந்தானா?" என்று கேட்டார். "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா?"

மகள் குனிந்தபடியே தலையாட்டினாள்.

அவர் வேன் படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து மனுவை எடுத்துப் பிரித்தார், படிக்கவில்லை. அதை அவளிடம் நீட்டினார்.

"அப்போ இதுல என்ன எழுதணுமோ நீயே எழுதும்மா" என்றார். "உனக்குத்தானே டைப் அடிக்கத் தெரியும்."